அடைப்பு எங்கே?



மலச்சிக்கலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. தாராளமா சிரிங்க. பத்து வருஷத்துக்கு மேல் நான் யாரிடமும் சொல்லாமல் மறைத்த சங்கதி இது.

ஆரம்பம் நம்ம ஹாஸ்டல்தான். காலையில் வாளியோடு க்யூ. காலைச் சாப்பாடு உள்ளே போனதும் பெருங்குடல் வேகமாக அசையும். போக வேண்டிய நேரம் அதுதான். நானோ, "முதல் பீரியட் போயிடும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று நாலு வருஷம் அடக்கியே பழகினேன்.

வேலைக்குப் போன பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை போனாலே அதிசயம். அதுவும் அரை மணி நேரம் முக்கி. வாழைப்பழம், கீரை, இசப்கோல், ராத்திரியில் பேதி மாத்திரை எல்லாம் பார்த்தாச்சு. நார்ச்சத்து கூடக்கூட வயிறு உப்பியதுதான் மிச்சம். பைப்பில் அடைப்பு என்றால் எங்கே என்று முதலில் தேடுகிற இன்ஜினியர், தன் உடம்பில் மட்டும் தேடாமலே மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்!

கடைசியில் குடல் டாக்டரிடம் போனேன். இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா என்று விசாரித்தார், தைராய்டு பார்த்தார். பிறகு 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை மலக்குடலில் வைத்து, "வெளியே தள்ளுங்க" என்றார். ஒரு நிமிஷத்தில் வந்துவிட வேண்டுமாம். எனக்கு வரவே இல்லை. அழுத்தம் அளக்கும் சோதனையில் காரணம் தெரிந்தது: முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை எனக்கு இறுகுகிறது. பம்பு ஓடுகிறது, வால்வு மூடிக்கொள்கிறது.

இதற்குப் பயிற்சிதான் வைத்தியம். சென்சார் வைத்துத் தசையின் அழுத்தத்தைத் திரையில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத் தளர்த்தப் பழக வேண்டும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் தூங்கியவனுக்கு ஃபீட்பேக் என்றால் என்னவென்று அங்கேதான் புரிந்தது, சார்! சில வாரங்களில் பேதி மாத்திரையை விட்டேன். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் என்பதால் காலுக்கு ஒரு முக்காலியும் போட்டுக்கொண்டேன்.

எல்லாருக்கும் வால்வு கோளாறு இல்லை. பலருக்கு நார்ச்சத்தும் தண்ணீரும் போதும். சிலருக்குக் குடலே மெதுவாக நகரும், அதற்கு மருந்து வேறு. ஆனால் ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தாலோ, வெட்கப்படாமல் உடனே டாக்டரிடம் போங்க.

வார்டன் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். ஹாஸ்டலில் மாடிக்கு இரண்டு கக்கூஸாவது கூடுதலாகக் கட்ட வேண்டும். முதல் நன்கொடை என்னுடையது.