பெயர்ப்பட்டியலில் இரட்டிப்பைக் கண்டறிதல்: கணினி செய்வதும் நாம் செய்ய வேண்டியதும்

(தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர்களும் இளையோர்களும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொறியியல் கற்று, இருபது ஆண்டுகளாகத் தரவுத்தளங்களோடு தொழில் புரிந்து வருபவன் நான். வார இறுதிகளில் தமிழ்ப் பாடசாலையொன்றின் மாணவர் பட்டியலையும் உறுப்பினர் பட்டியலையும் பராமரிக்கும் தொண்டனாகவும் இருக்கின்றேன். அத்தொண்டில் நான் இழைத்த தவறொன்றிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவதே நேர்மையானது எனக் கருதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆண்டிறுதித் தேர்வுக்கான பட்டியலைத் தயாரித்தோம். ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு, மூன்று தடவைகள் பதிவாகியிருந்தது. தாயார் ஒருமுறையும் தந்தையார் ஒருமுறையும் படிவம் நிரப்பியிருந்தனர். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் படிவத்துக்குப் படிவம் வேறுபட்டது. எனவே முதற்பெயரை ஒப்பிடுவதைக் கைவிட்டேன். குடும்பப் பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால் அது ஒரே பிள்ளை எனக் கொண்டு, பிந்திய பதிவை வைத்துக்கொண்டு முந்தியதை அழிக்குமாறு கணினிக்குக் கட்டளையிட்டேன். ஒரு நிமிடத்தில் பணி முடிந்தது. நானும் மகிழ்ந்தேன்.

தேர்வு நாளன்று பத்து வயதுச் சிறுமியொருத்தி என் முன்னே வந்து நின்றாள். "அங்கிள், தங்கச்சியின்ர பேர் இருக்கு. என்ர பேர் ஏன் இல்லை?" என்று கேட்டாள். அவர்கள் இரட்டையர். குடும்பப் பெயர் ஒன்று, பிறந்த நாள் ஒன்று, வீட்டுத் தொலைபேசி ஒன்று. இரு பிள்ளைகளை நான் ஒரு பிள்ளையாக்கியிருந்தேன். தலைமையாசிரியர் காகிதப் படிவத்தைத் தேடியெடுத்து, அவளது பெயரைக் கையால் எழுதிச் சேர்த்தார். அவள் தேர்வெழுதினாள். ஆயினும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

வினவல் மொழி

இளையோர்களுக்காகச் சிறிது வரலாறு. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் கொட் 1970இல் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்தார். அதனைப் பயன்படுத்துவதற்கான மொழியை அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் 1974இல் வெளியிட்டனர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். எனப்படுகின்றது. தரவுகள் அட்டவணைகளில் இருக்கும். கிடையாக அமைவது நிரை, செங்குத்தாக அமைவது நிரல். ஒரு நிரை ஓர் ஆளைக் குறிக்கும் என நாம் எண்ணுகின்றோம்.

கொட் அவர்களின் கோட்பாட்டின்படி ஓர் அட்டவணையில் ஒரே நிரை இருமுறை வருதல் ஆகாது. நடைமுறையில், தனித்துவத் திறவுகோலை நாம் விதிக்காவிட்டால், எத்தனை தடவை வந்தாலும் எஸ்.கியூ.எல். ஏற்றுக்கொள்ளும். இரட்டிப்பு நுழைவது அவ்வாறுதான்.

இரட்டிப்பைத் தேடுதல்

விசைச்சொற்களைக் கணினியில் ஆங்கிலத்திலேயே தட்டவேண்டும். இங்கு அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகின்றேன்.

செலக்ட் மின்னஞ்சல், கவுண்ட்(*)
ஃப்ரம் உறுப்பினர்
குரூப் பை மின்னஞ்சல்
ஹாவிங் கவுண்ட்(*) > 1;

ஒரே மின்னஞ்சல் உடையோரைக் குழுவாக்கு, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை நிரைகள் என எண்ணு, ஒன்றுக்கு மேற்பட்டவற்றை மட்டும் காட்டு என்பது இதன் பொருள். 'வேர்' என்னும் சொல் குழுவாக்குவதற்கு முன்னர் நிரைகளை வடிகட்டும். 'ஹாவிங்' குழுவாக்கிய பின்னர் குழுக்களை வடிகட்டும். தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவாகும்.

இவ்வினவலை எங்கள் உறுப்பினர் பட்டியலில் முதன்முதலாக இயக்கியபோது, மிகப்பெரிய இரட்டிப்புக் குழுவாக வந்தவர்கள் யார் தெரியுமா? மின்னஞ்சலே இல்லாத எமது தாத்தாக்களும் பாட்டிகளுமே. வெறுமையான மதிப்புகளை, அதாவது 'நல்' என்பவற்றை, குரூப் பை ஒரே குழுவாகச் சேர்த்துவிடும். அதைக் கவனியாது 'ஒன்றை வைத்து மற்றவற்றை அழி' என்றிருந்தால் முதியோர் அனைவரும் ஒரே ஆளாகியிருப்பர். எனவே குரூப் பை வரிக்கு முன்னர் 'வேர் மின்னஞ்சல் இஸ் நாட் நல்' என்று சேர்த்தல் அவசியம். சிலர் வெற்றிடத்தையோ சிறு கோட்டையோ தட்டியிருப்பர். அவற்றையும் முன்கூட்டியே விலக்க வேண்டும்.

எமது பெயர்களும் கணினியும்

மின்னஞ்சல் இல்லாதவிடத்துப் பெயரை ஒப்பிட வேண்டியுள்ளது. அங்கேதான் எம்மவர்க்கே உரிய சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, எமது மரபில் தந்தையின் பெயரே பிள்ளையின் பெயருக்கு முன்னால் வரும். இந்நாட்டுப் படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. ஒருவர் தந்தையின் பெயரை அங்கே எழுதுகின்றார். இன்னொருவர் தமது பெயரையே எழுதுகின்றார். திருமணமான பெண்ணின் பெயர் ஒரு படிவத்தில் தந்தையின் பெயரோடும் மறு படிவத்தில் கணவரின் பெயரோடும் வருகின்றது. ஒருவரே இருவராகி விடுகின்றார்.

இரண்டாவது, எழுத்துக்கூட்டல். ஒலியை வைத்து ஒப்பிடும் சவுண்டெக்ஸ் என்னும் முறைக்கு ராபர்ட் ரசல் என்பவர் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பல தரவுத்தளங்களில் அது இன்றும் உள்ளது. அது முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்யொலிகளை எண்களாக்கும். சண்முகம் என்னும் பெயரை எஸ் எழுத்தில் தொடங்கினால் 'எஸ் 525' என்றும், சி, எச் எழுத்துகளில் தொடங்கினால் 'சி 525' என்றும் தரும். ஒரே பெயர், இரு குறியீடுகள். மறுபுறம் கமலா, கோமளா, கமல் ஆகிய மூவருக்கும் 'கே 540' என்ற ஒரே குறியீட்டைத் தரும். ஆங்கிலப் பெயர்களுக்கென அமைந்த அளவுகோல் அது.

மூன்றாவது, தமிழிலேயே எழுதப்பட்ட பெயர்கள். எம்மிடமிருந்த பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. எழுத்துருவை நீக்கினால் அங்கே எஞ்சுவன பொருளற்ற ஆங்கில எழுத்துகளே. அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. கோகிலா என்னும் பெயரின் முதலெழுத்தை 'ககரம், ஓகாரக் குறி' என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். 'ககரம், ஏகாரக் குறி, கால்' என மூன்று குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு. ஒப்பிடுவதற்கு முன்னர் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2020இல் வெளிவந்த 13ஆம் பதிப்பு முதல் இதற்கென 'நார்மலைஸ்' என்னும் செயற்கூறு உண்டு.

பிந்திய பதிவு எது?

ஒருவருக்கு மூன்று பதிவுகள் இருப்பின் பிந்தியதைத் தெரிவுசெய்ய வேண்டும். பலர் ஒவ்வொரு நிரலிலும் தனித்தனியே 'மேக்ஸ்' எடுப்பர். அது பெருந்தவறு. ஒரு நிரையிலிருந்து நாளும் இன்னொரு நிரையிலிருந்து முகவரியும் வந்து, எங்குமே வாழாத ஓர் ஆளை உருவாக்கிவிடும். 2003ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். தரத்தில் இடம்பெற்ற சாளரச் செயற்கூறுகளே தகுந்த வழியாகும். போஸ்ட்கிரெஸில் 2009 முதலும் மைஎஸ்கியூஎல்லில் 2018 முதலும் இவை கிடைக்கின்றன.

வித் வரிசை ஆஸ் (
செலக்ட் உ.*, ரோ_நம்பர்() ஓவர் (
பார்ட்டிஷன் பை ஆள்_எண்
ஆர்டர் பை உறுதி_நாள் டெஸ்க், பதிவு_எண் டெஸ்க்
) ஆஸ் இடம்
ஃப்ரம் உறுப்பினர் உ
)
செலக்ட் * ஃப்ரம் வரிசை வேர் இடம் = 1;

ஒவ்வோர் ஆளின் பதிவுகளையும் தனியே பிரித்து, நாளின்படி இறங்குவரிசையில் அடுக்கி, 1, 2, 3 என இலக்கமிட்டு, முதலாவதை மட்டும் எடுக்கின்றோம். இரு பதிவுகளின் நாள் ஒன்றாயிருப்பின் பதிவு எண் தீர்ப்பளிக்கும். நாள் வெறுமையாக இருந்தால், போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் இறங்குவரிசையில் வெறுமையையே முதலில் வைக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. உறுதி_நாள் டெஸ்க் என்பதன் பின்னால் 'நல்ஸ் லாஸ்ட்' எனச் சேர்த்தால் அது தவிர்க்கப்படும்.

இங்கே 'உறுதி_நாள்' என்றேன், 'பதிந்த நாள்' என்று கூறவில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய கோப்பொன்றை நாங்கள் மொத்தமாகத் தரவுத்தளத்தில் ஏற்றினோம். ஏற்றிய நாளே அந்நிரைகள் அனைத்துக்கும் பதிந்த நாளாயிற்று. பல ஆண்டுகள் பழைய தகவல் ஒரே இரவில் 'பிந்திய' தகவலாகிவிட்டது. அதன் விளைவாக, காலமான பெரியவர் ஒருவரின் பெயருக்கு ஆண்டுவிழா அழைப்பிதழ் சென்றது. அவரது துணைவியார் அழைத்தார். "தம்பி, இவர் போய் ரெண்டு வருசமாச்சுது. நான் அப்பவே ரெலிபோன் எடுத்துச் சொன்னனான்" என்றார். உண்மையில் அவர் சொல்லியிருந்தார். அது எமது அட்டவணையில் முந்திய நிரையாகப் பத்திரமாக இருந்தது. எனது வினவல்தான் அதனைப் பின்தள்ளியது. கணினியில் எப்போது ஏறியது என்பது வேறு, அந்த ஆளிடம் எப்போது கேட்டு உறுதிசெய்தோம் என்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனி நிரல்கள் வேண்டும்.

அழிப்பதற்கு முன்

இந்த இரு நிகழ்வுகளின் பின்னர் நாங்கள் கடைப்பிடித்துவரும் ஒழுங்கு இது. வினவல் தருவது சந்தேகப் பட்டியல் மட்டுமே. அதனை வகுப்பாசிரியரும் அக்குடும்பங்களை அறிந்த தொண்டர் ஒருவரும் பார்வையிடுவர். ஐயமிருப்பின் தொலைபேசியில் கேட்பர். ஒரே ஆள் என உறுதியானால் அந்நிரைகளுக்கு ஒரே 'ஆள் எண்' இடுவர். மேலே கூறிய வினவல் அவ்வெண்ணைக் கொண்டே பிரிக்கின்றது. எந்த நிரையையும் அழிப்பதில்லை, 'பயன்பாட்டில் இல்லை' எனக் குறியிடுகின்றோம். ஒவ்வொரு மாற்றத்தையும் 'பிகின்' கட்டளைக்குப் பின்னரே செய்து, மாறிய நிரைகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததோடு ஒத்திருந்தால் 'கமிட்', இல்லையேல் 'ரோல்பேக்' தருகின்றோம். அன்று நான் இவ்வாறு செய்திருந்தால் அச்சிறுமியின் பெயர் இருந்திருக்கும்.

இது பாடசாலைப் பட்டியலோடு முடியும் விடயமன்று. 2000ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், புளோரிடா மாநிலத்தில் தண்டனை பெற்றோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்குவதற்காகப் பெயர்கள் தளர்வாக ஒப்பிடப்பட்டன. குற்றமேதும் செய்யாத பலரது பெயர்களும் அந்நீக்கல் பட்டியலில் இடம்பெற்றன. அத்தேர்தலில் அம்மாநிலத்தின் முடிவு 537 வாக்குகளில் அமைந்தது. 2018இல் ஜோர்ஜியா மாநிலத்திலோ இதற்கு நேர்மாறு. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்ற விதியால் ஏறத்தாழ 53,000 பதிவு விண்ணப்பங்கள் நிலுவையில் வைக்கப்பட்டன. பெயரிலுள்ள ஒரு சிறு கோடு விடுபட்டாலே போதுமானதாயிருந்தது. தளர்த்தினாலும் இறுக்கினாலும் பாதிக்கப்படுவோர் இருக்கின்றனர். நீண்ட பெயர்களும் இருவேறு எழுத்துக்கூட்டல்களும் உடைய எம்மவர் இதனைப் பிறர் பிரச்சினை என்று எண்ணிவிடலாகாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பெயரை எல்லாப் படிவங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். கடவுச்சீட்டில் உள்ளவாறு எழுதுவது சிறந்தது. முகவரி மாறினால், வீட்டில் ஒருவர் காலமானால், தயங்காது அறிவியுங்கள். அறிவித்த பின்னரும் தவறு நேர்ந்தால் எங்களைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இளையோர்களே, உங்களில் பலர் நாளை வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் அரச அலுவலகங்களிலும் இத்தகைய வினவல்களை எழுதப் போகின்றீர்கள். எங்கள் பட்டியலைச் சீர்செய்யும் பணிக்கு இப்பொழுதே வாருங்கள். வினவல் எழுத நான் கற்றுத் தருகின்றேன். யாருடைய பெயரை எப்படி எழுதுவர், எந்த வீட்டில் இரட்டையர் உள்ளனர் என்பவற்றை எமது ஆசிரியர்களும் பெரியவர்களும் கற்றுத் தருவர். இரண்டும் சேர்ந்தால்தான் பட்டியல் சரியாகும்.

அந்தச் சிறுமி இப்பொழுது உயர்தர வகுப்பில் கணினியியல் கற்கின்றாள். கடந்த ஆண்டு முதல் தேர்வுப் பட்டியலை என்னோடு அமர்ந்து சரிபார்ப்பவள் அவளே. முதலில் இரட்டையர்களைத்தான் பார்க்கின்றாள்.