எங்க மலையிலேருந்து மரக்காணம் வரைக்கும்

எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். குழுவுல தீர்மானம் எழுதுற பழக்கம் இருக்கிறதால, பேச வேண்டியதையும் எழுதியே கொண்டுவந்துட்டேன்.

நான் பெருமுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. வாசல் தெளிக்கும்போது தினமும் மலை முகத்துலதான் முழிக்கிறேன். ஆனா பன்னெண்டு வருஷம் வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருந்தேன், அதுவும் காணாமப் போன ஆட்டைத் தேடி. உச்சியில சிவன் கோயில் இருக்கு, சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 1760-ல பிரெஞ்சுக்காரங்ககிட்டேருந்து இங்கிலீஷ்காரங்க பிடிச்ச கோட்டையோட மிச்சம் இருக்கு. சீதை குகைன்னு ஒண்ணு இருக்கு. அங்கதான் சீதை லவனையும் குசனையும் பெத்தாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. அந்தக் குகைப் பாறையில ஆதிகாலத்து மனுசங்க கீறி வச்ச கோடுகள் இருக்கு. அதைப் பார்க்கச் சென்னையிலேருந்தெல்லாம் வர்றாங்க. வந்து, பார்த்து, தண்ணி பாட்டிலைப் போட்டுட்டு, பைபாஸ் ஓட்டல்ல போய்ச் சாப்பிடுறாங்க. ஊர்ல பத்து ரூபாய் செலவு பண்ண வழி கிடையாது.

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சாங்க இல்லையா, அப்போ எங்க குழுவுல எல்லாருக்கும் ஆசை வந்துடுச்சு. வேன் பிடிச்சோம். நான்தான் லிஸ்ட் போட்டேன். மயிலம் முருகன், செஞ்சி, மண்டகப்பட்டுல மகேந்திரவர்மன் குடைஞ்ச கோயில், திருவக்கரை கல்மரம், கடைசியா மரக்காணம் கடற்கரை, எல்லாம் ஒரே நாள்ல! செஞ்சியில ராஜகிரி பாதி ஏறும்போதே ரெண்டு பேருக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. மூணு பேர் பாத்ரூம் இடம் தெரியாம காலையிலேருந்து தண்ணியே குடிக்கலை. மண்டகப்பட்டை வேன்ல உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தோம். திருவக்கரைக்குப் போகும்போது இருட்டிடுச்சு, கல்மரத்தைப் பார்க்க முடியலை. கடல் கனவாப் போச்சு. மதியச் சாப்பாடு ரோட்டோர ஓட்டல்ல, தலைக்கு நூத்தியிருபது, சாம்பார் ஊசிப்போயிருந்தது. வாங்கிட்டு வந்தது என்னன்னு பார்த்தா பிளாஸ்டிக் வளையலும் பொம்மைத் துப்பாக்கியும். தப்பு என்னுதுதான். ஒரு நாளைக்கு ஒரு ரோடுதான் தாங்கும்னு எனக்குத் தோணலை.

இந்தக் கதையை என் பொண்ணு பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர்கிட்ட சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு, "உங்க ரோட்டுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பிளான் போட்டாச்சு"ன்னாங்க. சிறுபாணாற்றுப்படைன்னு ஒரு சங்கப் பாட்டு, நல்லூர் நத்தத்தனார் பாடினது. ஒரு பாணர் இன்னொரு பாணருக்கு, நல்லியக்கோடன் என்கிற ராஜாவைப் பார்க்க வழி சொல்றாரு. எயிற்பட்டினத்துல ஆரம்பிச்சு, வேலூர், ஆமூர் வழியா கிடங்கிலுக்கு. இந்த வேலூர் கோட்டை இருக்கிற வேலூர் இல்லை, இந்தப் பக்கத்து ஊர். எயிற்பட்டினம்கிறது நம்ம மரக்காணம்னு சொல்றாங்க. கிடங்கில்தான் திண்டிவனத்துல இருக்கிற கிடங்கல். நான் கிடங்கல் வழியா எத்தனை தடவை மாவு மில்லுக்குப் போயிருக்கேன் தெரியுமா?

எனக்கு ஆச்சரியம் என்னன்னா, ஒவ்வொரு ஊர்லயும் என்ன சாப்பாடு கிடைக்கும்னும் அந்தப் பாட்டுல இருக்காம். கடற்கரையில சுட்ட கருவாட்டு மீன். வேலூர்ல வேட்டுவர் வீட்டுப் பொண்ணுங்க ஆக்கின புளிச்சோறு. ஆமூர்ல உழவர் வீட்டுல குத்தின அரிசிச் சோறும் நண்டும். அங்க வளையல் போட்ட கையோட ஒரு பொம்பளை, சாப்பிடாமப் போகக்கூடாதுன்னு தடுத்து நிறுத்துவாளாம். ஓட்டல் எதுவும் இல்லை, எல்லாம் பொம்பளைங்க கைச்சோறு. கருவாடும் புளியும் நண்டும் இன்னைக்கும் நம்ம அடுப்புலதானே இருக்கு?

அதனால இப்போ போட்டிருக்கிற பிளான் இதுதான். திண்டிவனம் - மரக்காணம் ரோடு மட்டும். மொத்தமே 35 கிலோமீட்டர் சொச்சம். தை கடைசி இல்லைன்னா மாசி தொடக்கம். அப்போதான் கழுவெளி ஏரியில வெளிநாட்டுப் பறவைங்க இருக்கும். மழை விட்டு மரக்காணம் உப்பளத்துல உப்பு வார ஆரம்பிச்சிருப்பாங்க, பனங்கிழங்கும் கிடைக்கும். நுங்கு வேணும்னா சித்திரையில வரணும், ஆனா அப்போ பறவையும் இருக்காது, மலையும் சுடும்.

காலையில ஆறு மணிக்கு மலை. வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிடணும். முட்டி வலி உள்ளவங்க ஏற வேண்டாம். அடிவாரத்துல எங்க பெரியம்மா ஒருத்தங்க பனையோலையில கொட்டான் முடைவாங்க, அவங்ககிட்ட உட்கார்ந்து ஒண்ணு முடைஞ்சு பழகலாம். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு வாங்கி வச்சிருக்காங்க. நம்ம கொட்டானுக்கு அப்படி ஒண்ணும் இல்லை, ஆனா முடைஞ்ச கை எதிர்லயே இருக்கும், காசு அந்தக் கைக்கே போகும். ஒன்பது மணிக்கு எங்க தெருவுல கேவுரு கூழ், மல்லாட்டைத் துவையல், சுட்ட கருவாடு. மல்லாட்டைன்னதும் ஒண்ணு சொல்லணும். கடலை விதையில டி.எம்.வி.-ன்னு வருதே, அது திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்துப் பேர்தான்.

அப்புறம் கழுவெளி. 2021-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. அங்க இறங்கினா சத்தம் போடாம இருக்கணும், நம்மாளுங்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். மதியம் மரக்காணத்துல, அங்கத்துக் குழு அக்காங்க சமையல், மீன் குழம்பும் நண்டும். சாயந்திரம் பூமீஸ்வரர் கோயில், உப்பளம், கடல். உப்பு வாருற பொம்பளைங்க கால் பாதத்தைப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் உப்புக்குப் பேரம் பேச மாட்டீங்க. பாத்ரூமுக்கு மூணு இடத்துல வீடு சொல்லி வச்சாச்சு.

இவ்வளவு எதுக்குன்னு கேட்கலாம். எங்க மலையைச் சுத்திக் கல் குவாரி ஓடுது. வெடி போட்டா எங்க வீட்டுப் பாத்திரம் ஆடும். ஆனா அதைத் திட்டவும் எனக்கு வாய் வராது. எங்க மாமனார் கல் உடைச்சுத்தான் வீட்டுக்காரரைப் படிக்க வச்சாரு. ஜல்லியைத் தவிர வேற எதுலயும் காசு வராத ஊர்ல, மலையைத் தொடாதேன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? கூழுலயும் கொட்டான்லயும் நாலு வீட்டுக்கு வருமானம் வந்தா, அப்போ சொல்ல எனக்கு வாய் இருக்கும்.

இதுல ஒரு சிக்கல் எங்க வீட்டுக்குள்ளயே வந்துச்சு. கூழ் கரைக்கிறது எங்க மாமியார். "வாசலுக்கு வந்தவங்களுக்குக் கூழ் ஊத்திக் காசு வாங்குறதா? ஆடி மாசம் ஆத்தாளுக்கு ஊத்துற கையி இது"ன்னு ஒரே பிடிவாதம். அரைக்கிற கூலி, விறகு, கருவாடு எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் அவங்களே வந்து, "கூழ் மட்டும் சும்மா ஊத்துவேன். கருவாட்டுக்கும் துவையலுக்கும் நீ காசு வாங்கிக்க, என் கண்ணு முன்னாடி வாங்காத"ன்னாங்க. அப்படியே தீர்மானப் புத்தகத்துல எழ்திட்டோம்.

வர விருப்பம் உள்ள குழுக்கள் சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட பேர் கொடுங்க. ஒரு நடைக்கு இருபது பேர்தான், அதுக்கு மேல எங்க மாமியாரால கரைக்க முடியாது.