நம் தோட்டத்து நஞ்சும் வாயில்லா உயிரும்
(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் கொல்லாமை பற்றிப் பேசுவோர் பலர். நான் இன்று பேச வந்தது என் வீட்டில் நிகழ்ந்த ஒரு கொலை பற்றி. அதைச் செய்தவன் நானே.

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. தெருவில் குட்டியாய்க் கிடந்ததை என் பேத்தி எடுத்து வந்தாள். மூன்று ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தது. பூச்சிமருந்து தெளித்தல் ஆகாது என்னும் நோன்புடைய நான், ரோஜாச் செடிகளுக்கு இயற்கை உரமே இடுவது வழக்கம். சென்ற ஆண்டு ஆமணக்குப் புண்ணாக்கு வாங்கி வந்து வேரடியில் இட்டேன். அன்றிரவு மணி அம்மண்ணைக் கிளறிப் புண்ணாக்கைத் தின்றுவிட்டது. மறுநாள் காலை வாந்தி. மாலையில் குருதி கலந்த கழிச்சல். மூன்றாம் நாள் விடியலில் உயிர் பிரிந்தது. என்ன தின்றது என்பதை மருத்துவர் கேட்டபோதுதான் எனக்கே விளங்கியது.

நம் பக்கத்தில் கொட்டைமுத்து என்று வழங்கும் ஆமணக்கு விதையில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. எண்ணெய் பிழியும்போது அந்நஞ்சு எண்ணெயில் சேராமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஆதலால் விளக்கெண்ணெய் மருந்தாகிறது. சூடேற்றி நஞ்சு முறிக்காத புண்ணாக்கோ உயிர் குடிக்கிறது. அதன் மணம் நாய்க்கு உணவுபோல் தோன்றும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்தே குறி காட்டும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

இத்துயரத்திற்குப் பின் என் தோட்டத்தைப் புதுக்கண்ணால் பார்த்தேன். கண்டவற்றை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலாவது அரளி. பூசைக்குப் பறிக்கும் செவ்வரளியும், வேலியில் நிற்கும் பொன்னரளியும் இலை, பூ, பட்டை, விதை என எல்லாப் பகுதியிலும் நஞ்சுடையவை. அந்நஞ்சு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். காய்ந்த சருகிலும் அது மாறாது. கழித்த கிளைகளைத் தெருவோரம் எறிந்தால் நாய் மட்டுமன்று, ஆடு மாடுகளும் தின்று மடியும்.

இரண்டாவது, நம் மாநில மலராகிய செங்காந்தள். மூலனூர், தாராபுரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கு இதுவே. கோல்சிசின் என்னும் மருந்துப்பொருள் இதிலிருந்து பெறப்படுகிறது. அளவோடு மனிதர்க்கு மருந்தாவது, கிழங்கைத் தோண்டிக் கடிக்கும் நாய்க்குக் கூற்றாகிறது.

மூன்றாவது, அழகுக்காக வாசலில் வைக்கும் சைகஸ். சிறு பனைபோல் தோன்றும் இதன் இலையும் விதையும் கல்லீரலை அழிக்கும்; விதை மிகக் கொடியது. ஊமத்தங்காயைத் தின்ற நாய் கண்மணி விரிந்து, நிலை தடுமாறி, வெறி கொண்டதுபோல் திரியும். அதனை வெறிநோய் என்று எண்ணி அடித்துக் கொல்லுதல் இரட்டைப் பாவமாகும். குன்றிமணியைக் கடித்து உடைத்தாலும் உயிருக்குக் கேடு.

வீட்டுக்குள் வைக்கும் மணிபிளாண்ட், டிஃபன்பேக்கியா ஆகியவற்றால் பெரும்பாலும் உயிர் போவதில்லை. ஆனால் வேதனை மிகுதி. கிழங்கு நம்மில் பலர் வீட்டில் புகுவதில்லை எனினும், வேகாத கருணைக்கிழங்கு நாவை அரிக்கும் என்று கேட்டிருப்பீர்கள். அவ்வரிப்புக்குக் காரணமான ஊசி போன்ற நுண்படிகங்களே இச்செடிகளிலும் உள்ளன. வாய் வீங்கி எச்சில் ஒழுகும். உடனே வாயைத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

நஞ்சு தின்றது என ஐயம் எழுந்தால் செய்யத்தக்கவை சிலவே. உப்புநீர் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. அதுவே உயிரைப் போக்கக்கூடும். எண்ணெயோ பாலோ புகட்ட வேண்டா. தின்ற செடியின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, தின்ற நேரத்தையும் குறித்துக்கொண்டு, காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். குறிகள் தோன்றட்டும் என்று காத்திராதீர்கள். நான் காத்திருந்தேன்.

இனி ஓர் ஐயம் எழலாம். நஞ்சுடைய செடிகளையெல்லாம் வெட்டி எறிவதா? செடியும் ஓரறிவுயிர் அன்றோ? வெட்ட வேண்டியதில்லை. அரளியை வேலிக்கு அப்பால் நடலாம். சைகஸ் தொட்டியை மாடிக்கு ஏற்றலாம். கழித்த கிளைகளை மூடிய குழியில் இடலாம். ஆமணக்குப் புண்ணாக்கை விடுத்து மண்புழு உரமோ, நன்கு மக்கிய தொழுவுரமோ இடலாம். இனி நடுவோர் ரோஜாவும் மல்லிகையும் நடலாம். அவற்றில் நாய்க்கு நஞ்சில்லை. ஓரறிவுயிரும் பிழைக்கும், ஐந்தறிவுயிரும் பிழைக்கும்.

பெரியோர்களே! மணி இறந்த நாளில், “வேண்டும் என்றா செய்தீர்கள்? வருந்தாதீர்கள்” என்று பலரும் என்னைத் தேற்றினர். என் மனம் ஒப்பவில்லை. தத்துவார்த்த சூத்திரம் உயிர்க்கொலையை வரையறுக்கும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்கிறது. பிரமாதம் என்பது விழிப்பின்மை. நீரை வடிகட்டிப் பருகுகிறோம்; பொழுது சாயுமுன் உண்கிறோம். இவையெல்லாம் அவ்விழிப்பின் பயிற்சிகள் அல்லவா? வாயருகே விழிப்போடு இருந்த நான் வாசலருகே விழிப்பிழந்தேன்.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை நாம் அறிவோம். அடிபட்டு உயிர் துடிக்கும் நாயொன்றின் செவியில் சீவகன் மந்திரம் ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து அவனுக்குத் துணை நிற்கிறது. அரசகுமரன் ஒருவன் நாயின் செவியருகே குனிந்த காட்சியை நம் காப்பியம் போற்றுகிறது. மணியின் கடைசி மணித்துளிகளில் நானும் என் பேத்தியும் அதனையே செய்தோம். ஆயினும், இறக்கும் நாய்க்கு மந்திரம் ஓதுவதினும் இறவாமல் காப்பது முந்திய அறம்.

விஜயமங்கலத்து ஜினாலயமும் சீனாபுரத்துப் பவணந்தியாரும் பெருமை சேர்த்த கொங்கு மண் இது. இம்மண்ணில் வாழும் நாம், இன்று இல்லம் திரும்பியதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். எது நஞ்சு என்று அவர்களுக்குக் காட்டுங்கள். என் வீட்டு ரோஜாவின் அடியில் இன்று மண்புழு உரம் இருக்கிறது. அதனருகே மணியின் சங்கிலி தொங்குகிறது; கழற்ற மனம் வரவில்லை.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு சங்கிலி தொங்காதிருக்கட்டும். அறம் வளர்க, உயிர்கள் வாழ்க.