அடையாற்றங்கரையில் ஒரு கவாத்து



கவாத்து என்றதும் குடியரசு தின அணிவகுப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பார்க்க அழகுதான், சண்டையில் இதற்கென்ன வேலை என்றும் தோன்றும். அந்த வேலையைச் சென்னை 1746-லேயே பார்த்துவிட்டது.

அந்த ஆண்டு ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிடித்த ஊரைத் தன்னிடம் ஒப்படைக்காமல் இழுத்தடிக்கிறார்களே என்று ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனுக்குக் கோபம். மகன் மாபூஸ்கானோடு சுமார் 10,000 பேரை அனுப்பினார். அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளோடு அந்தப் படை நின்றது. பிரெஞ்சுத் தரப்பில் புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸ் என்ற சுவிஸ் பொறியாளரிடம் இருந்தவர்களோ ஏறக்குறைய 1,000 பேர். அதிலும் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். பீரங்கி கிடையாது.

ஆனாலும் ஆற்றில் இறங்கினார்கள். கரையேறினார்கள், ஒரே நேரத்தில் சுட்டார்கள், குத்தீட்டியை நீட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது.

அன்றைய துப்பாக்கியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோட்டாத் தாளைப் பல்லால் கிழிக்க வேண்டும். கிண்ணியில் சிட்டிகை மருந்து வைத்து, மீதியைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். கம்பியை உருவ மறந்தால் அடுத்த வேட்டில் அதுவும் பறந்துவிடும். பிறகுதான் குதிரையை இழுத்துச் சுடுவது. இத்தனை செய்தும் நூறு கஜம் தாண்டினால் குறி நிற்காது. ஆகவே தனி ஆள் சுட்டுப் பயனில்லை. வரிசை முழுதும் சேர்ந்து சுட வேண்டும். பக்கத்தில் நிற்பவன் சாய்ந்தாலும் கை தன்பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் கவாத்து ஊட்டியது. மாபூஸ்கானின் குதிரைவீரர்கள் கோழைகள் அல்லர். தனித்தனியே வாள் சுழற்றுவதில் அவர்களை மிஞ்சுவது கடினமாக இருந்திருக்கும். சேர்ந்து நிற்கத்தான் யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

பாடம் ஆங்கிலேயருக்கும் உறைத்தது. 1748-ல் வந்த தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவர்களுடைய படையை ஒழுங்குபடுத்தினார். நம் மருதநாயகம், அதாவது யூசுப்கான், அந்தப் படையின் சிப்பாய்களுக்கே தளபதியானார்.

இந்தக் கலையை நான் மெச்சுவது இதுவரைதான். கையையும் காலையும் பழக்கிய ஆங்கிலேயர்கள், சிப்பாயின் நெற்றியும் தங்கள் அதிகாரத்துக்குள் வரும் என்று நினைத்துவிட்டார்கள். அணிவகுப்பில் சாதி, சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். துப்பாக்கியைக் கெட்டிப்பதற்கும் திருநீற்றுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த உத்தரவுகளை எதிர்த்து 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டை கைக்கு வந்ததும் பலர் கொள்ளையில் இறங்கினார்கள். கட்டளையிட ஆளில்லை, வெளிக்கதவுகளை அடைத்துக் காக்கவும் ஆளில்லை. காலையிலேயே ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்துவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். தலைப்பாகை உத்தரவைக் கிழக்கிந்தியக் கம்பெனி திரும்பப் பெற்றது. சென்னை கவர்னர் பெண்டிங்கையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டது.