குடம்பிக்கொல்லி

இன்று கடைத்தெருக்களால் பெயர் பெற்ற தியாகராய நகர், 1920களில் மாம்பலம் ஏரியை வடித்து எழுப்பப்பட்டது. ஏரி போயிற்று, நீர் போகவில்லை. வீடுதோறும் கிணறும் மேனிலைத் தொட்டியும் வந்தன. சென்னையில் முறைக்காய்ச்சலைப் பரப்பும் அனோபிலிசு இசுடீபன்சி என்னும் கொசு முட்டையிடும் இடங்கள் இவையே. இந்நீரில் இடும் மருந்தினை ஆங்கிலத்தார் இலார்விசைடு என்பர். தமிழில் அது குடம்பிக்கொல்லி.

இலார்வா என்பதற்குப் பழைய இலத்தீனில் பேய் என்றும் முகமூடி என்றும் பொருள். வளர்ந்த பூச்சியின் உருவை இளநிலை மறைத்து நிற்றலின், 18ஆம் நூற்றாண்டில் இலினேயசு அப்பெயரைப் பூச்சிக்கு ஆக்கினார். பிற்பாதி, வெட்டுதல், கொல்லுதல் என்னும் பொருளுடைய வினையின் வழிவந்தது.

இனித் தமிழ்ச்சொல்லைக் காண்க. குடம்பி, குடம்பை என்பதனோடு இணைத்து நோக்கத்தக்கது. குடம்பையைக் குறளிலேயே காணலாம். அதற்குக் கூடு என்று பொருள் கொள்வாருமுண்டு. பரிமேலழகரோ முட்டை என்றார். கொசுவைப் பொறுத்தவரை பரிமேலழகர் பக்கமே நிற்றல் வேண்டும். முட்டையினின்று வெளிப்படுவதன்றோ குடம்பி! கொல்லி என்பதும் புதிதன்று. கொல் என்னும் வினையடியோடு இகரவிகுதி சேர்ந்து செய்வோனைக் குறித்தது. சினத்தைச் சேர்ந்தாரைக்கொல்லி என்று வள்ளுவர் சொன்னபோதே அவ்வாய்பாடு முற்றியிருந்தது. பூச்சிக்கொல்லி அதன் வழித்தோன்றல்.

இச்சொல் வெறும் அணியன்று. எதனைக் கொல்லும் என்று வரையறுக்கிறது. கொசுவின் பருவங்கள் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு. (கொசு கூடு கட்டுவதில்லை, பட்டுப்புழுவுக்கே முற்றும் பொருந்தும் பெயர் இதற்கும் வழங்குகிறது.) 1976இல் இசுரேலில் கண்டறியப்பட்ட பாசிலசு வகை நுண்ணுயிரி இன்று கொசுக் குடம்பிக்கொல்லியாகப் பயன்படுகிறது. அதனை உண்டாலன்றிக் குடம்பி சாகாது. கூட்டுப்புழுவோ எதையும் உண்பதில்லை.

கலத்தின்மேல் அயற்சொல் மட்டும் இருப்பின், இதனை வீட்டார் எங்ஙனம் அறிவர்? காற்புள்ளிபோல் வளைந்த கூட்டுப்புழுக்கள் தொட்டியில் துள்ளும் நாளில் மருந்தைக் கொட்டுவர், இரண்டொரு நாளில் வீடு நிறையக் கொசுவைக் காண்பர், மருந்து பழுதென்பர். அந்நாளில் செய்யத்தக்கது, தொட்டியை வடித்துச் சுவரைத் தேய்த்துக் காயவிடுவதே.