பென்சனுக்குப் பிறகு எந்த ஊரில் குடியிருப்பது?

(ஓய்வுபெறப் போகும் தொழிலாளர்களுக்கான கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



பென்சனுக்குப் போகும் நாள் நெருங்கினால் பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "ஐயா, லயத்திலேயே கிடக்கிறதா, இல்லாட்டி டவுன் பக்கம் ஒரு வீடு பார்க்கிறதா?" இதை அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது.

முதலில் கைக்கு வரும் காசைப் பாருங்க. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள்; தோட்டம் 12 வீதம் போடுகிறது. நம்பிக்கை நிதிக்கும் தோட்டம் 3 வீதம் கட்டுகிறது. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருஷமாவது வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகக் கிடைக்க வேண்டும். 30 வருஷம் என்றால் 420 நாள் சம்பளம். பென்சன் என்று சொன்னாலும் இது மாதாமாதம் வருவதில்லை. ஒரே தடவைதான். போனால் போனதுதான்.

இனி ஊரைப் பார்ப்போம். நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. முட்டுவலி, இளைப்பு உள்ளவர்களுக்குக் குளிர் ஆகாது. ஏப்ரல் சீசனில் சாமான் விலையும் ஏறும். ஹட்டன் பக்கம் என்றால் சொந்தபந்தம் கிட்ட இருக்கும், டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. பண்டாரவளையில் குளிர் குறைவு. பெரிய வருத்தம் என்றால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வவுனியாவில் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு குடியேறிய நம் சனம் நிறையப் பேர் இருக்கிறார்கள். சமதரை, வயசானவர்கள் ஏறி இறங்கத் தேவையில்லை. ஆனால் வெயில் கடுமை. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் போய்க் கிணற்றில் தண்ணி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்க. கொழும்பில் பிள்ளைகள் இருந்தாலும், வாடகையும் முற்பணமும் உங்கள் சேமிப்பைத் தின்றுவிடும்.

எந்த ஊரானாலும் நாலு விஷயம் பாருங்க. கிளினிக்குக்கு ஒரே பஸ்ஸில் போகலாமா? தண்ணி வருஷம் முழுக்க உண்டா? வாடகை, மருந்து, சாப்பாடு போக மாதம் எவ்வளவு மிஞ்சும்? ராத்திரியில் வருத்தம் வந்தால் கூப்பிட ஆள் இருக்கா?

காணி வாங்குவதென்றால் உறுதியைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க. மலைச்சரிவுக் காணி என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்க. 2025 நவம்பர் டித்வா புயலில் மண்சரிவு எத்தனை குடும்பங்களை அழித்தது என்பது நமக்குத் தெரியும்.

இன்னொன்று. லயத்துக் காம்பராவை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. வீட்டுத்திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணிக்கு உங்கள் குடும்பத்தின் பேர் இருந்தால் அதையும் அவசரப்பட்டு விடாதீங்க. முதலில் மூன்று மாதம் போய்த் தங்கிப் பாருங்க. ஒத்துவந்தால் கிராம சேவகரிடம் பதிவை மாற்றி, கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்க.

மகன் கடை போடவும் மகள் கல்யாணத்துக்கும் உதவி செய்யலாம், தப்பில்லை. ஆனால் முழுக் காசையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் கையைப் பார்த்து நிற்க வேண்டாம். ஒரு பங்கை உங்கள் பேரில் வங்கியில் போடுங்க. புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்க. படிவம் நிரப்பவோ கணக்குப் பார்க்கவோ என்னிடம் வாங்க, செய்து தருகிறேன்.