தொழிலும் துணையும்

வேலையற்றுத் திரியும் இளைஞனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் அவன் வாழ்வு சீர்பட்டுவிடும் என்பது பலரும் கூறும் கருத்து. கையிலே தொழில் உள்ளவன் பசித்திரான் என்பது மெய்யே. ஆயின், தாய் தந்தையரின்றி, பள்ளிக்கூட வாசலை மிதியாது, நகரத் தெருக்களிலே வளரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உளியையும் சுத்தியலையும் கையிற் கொடுத்தால் மட்டும் போதுமா? அவனை வேலைக்கு அமர்த்தும் முதலாளி அவன் பொருட்டு யாருக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும்? அவன் ஒருநாள் வேலைக்கு வாராதிருந்தால் அவனைத் தேடிச் செல்பவர் யார்? இவ்வினாக்களுக்கு வட இத்தாலியிலுள்ள தூரின் நகரிலே, 170 ஆண்டுகளுக்கும் முன்னர், கத்தோலிக்க குரு ஒருவர் தம் செயலால் விடை கூறினார். அவர் பெயர் அருளப்பர் பொஸ்கோ. இத்தாலியர் தம் குருமாரை மரியாதையாக அழைக்கும் 'டொன்' என்ற சொல்லோடு சேர்த்து, உலகம் அவரை டொன் பொஸ்கோ என வழங்குகின்றது.

அவர் 1815ஆம் ஆண்டு ஒரு குடியானவர் குடும்பத்திற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். கியேரி என்னும் சிறு பட்டணத்திலே கல்வி கற்ற நாட்களில், தையற்காரரிடத்தும் கோப்பிக் கடையிலும் வேலை செய்தே தம் செலவைத் தேடிக்கொண்டார். ஆகவே, தொழில் பழகும் பிள்ளையின் துன்பம் அவர் ஏட்டிற் படித்து அறிந்ததன்று. 1841ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம் நாள் குருப்பட்டம் பெற்ற பின்னர், தம் வழிகாட்டியாகிய யோசேப்பு கபாசோ என்னும் குருவுடன் தூரின் நகரச் சிறைச்சாலைகளுக்குச் செல்லலானார்.

அந்நாளிலே தூரின், சார்டினியா இராச்சியத்தின் தலைநகர். நகரம் பெருகிக்கொண்டிருந்தது. கட்டிட வேலையை நாடி, மலைச்சாரற் கிராமங்களிலிருந்து சிறுவர் கூட்டங் கூட்டமாய் வந்தனர். மேசன்மாருக்குச் சாந்து சுமந்தும், கல் பொளிந்தும், வீதிக்குக் கல் பதித்தும் பிழைத்தனர். வேலை நின்ற நாளிற் பசித்தனர். பசித்தவருட் சிலர் களவிற் புகுந்தனர். சிறையிலே பன்னிரண்டு முதற் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைக் கண்ட பொஸ்கோ, ஒன்றைக் கூர்ந்து நோக்கினார். நல்வழி நடப்பேன் என்று உறுதி கூறி வெளியே சென்ற பலர், சில நாட்களில் மீண்டும் அதே சிறைக்கு வந்தனர். வெளியே அவர்களை எதிர்கொள்ள ஒருவரும் இல்லாமையே அதற்குக் காரணம் என அவர் துணிந்தார். ஒரு நண்பர், விடுமுறை நாளிலாவது அவர்களை விசாரிக்கும் ஒருவர், இருந்திருந்தால் அவர்கள் திரும்பி வந்திரார் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவர் பிற்காலத்தே செய்த யாவும் இந்த ஓர் எண்ணத்தின் விரிவேயாகும்.

அவ்வாண்டு டிசெம்பர் 8ஆம் நாள், தூரின் நகரின் அசீசி பிரான்சிஸ் ஆலயத்திலே அவர் பூசைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். அங்கே வந்து நின்ற பையனொருவனைக் கோயிற் பணியாளர் பூசைக்கு உதவி செய்யுமாறு கேட்டார். தனக்குத் தெரியாது என்று பையன் சொல்லவே, அவனைத் தடியால் அடித்துத் துரத்தினார். பொஸ்கோ அவனைத் திருப்பி அழைப்பித்து, அவன் தம்முடைய நண்பன் என்றார். பெயர் பர்த்தொலோமேயோ கரெல்லி; வயது பதினாறு; தொழில் மேசன் வேலை; தாயுமில்லை, தந்தையுமில்லை; எழுதப் படிக்கத் தெரியாது. அன்று சிறிது நேரம் அவனுக்குச் சமய பாடம் சொல்லிக்கொடுத்ததோடு, அடுத்த ஞாயிறு நண்பர்களையும் அழைத்து வருமாறு பணித்தார். இந்நிகழ்ச்சியைத் தம் பணியின் தொடக்கமாகப் பொஸ்கோவே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்துள்ளார்.

ஞாயிறுதோறும் பிள்ளைகள் பெருகினர். வழிபாடு, பாடம், பாட்டு, விளையாட்டு என நாள் கழிந்தது. கூச்சல் பொறாத அயலவர் முறையிட, கூட்டம் இடம் விட்டு இடம் பெயர்ந்தது. இத்தனை இளைஞர் ஒருவர் பின்னே திரளுதல் நாட்டுக்கு நல்லதோ என்று நகர அதிகாரிகளும் ஐயுற்றனர். இறுதியில், 1846ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம், வல்தோக்கோ என்ற புறநகர்ப் பகுதியிலே ஒரு தாழ்ந்த கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரிலே அவருடைய தாயார் மார்கரீத்தா, கிராமத்து வீட்டை விட்டு மகனுக்குத் துணையாக வந்து சேர்ந்தார்.

வார நாட்களில் அவர் சும்மா இருந்தாரல்லர். பிள்ளைகள் வேலை செய்யும் இடங்களுக்கே சென்று, சாரங்களின் கீழ் நின்று, அவர்களையும் அவர்களுடைய முதலாளிமாரையும் விசாரித்து வந்தார். ஆயினும், மாலையானதும் படுக்க இடமற்றவர்களை என் செய்வது? முன்னர் ஒருமுறை சிலருக்கு வைக்கோற் பரணிலே இடமளித்தபோது, விடியுமுன் அவர்கள் போர்வைகளையும் வைக்கோலையும் எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டனர். 1847ஆம் ஆண்டு மே மாதம், மழை பெய்த ஓர் இரவு, நனைந்து நடுங்கிய பையனொருவன் கதவைத் தட்டினான். வேலை தேடி வந்தவன், கைப்பணம் தீர்ந்துவிட்டது. அந்த அம்மையார் அவனுக்கு உணவளித்தார். செங்கற்களின் மேற் பலகைகளை இட்டு, சமையலறையிலேயே படுக்கை அமைத்தார். உழைப்பு, நாணயம், தெய்வபக்தி ஆகியவை பற்றி நாலு வார்த்தை சொன்னார். முன் பட்ட பாடு மறக்கப்படவில்லை. சமையலறைக் கதவு பூட்டப்பட்டது. எனினும் பிள்ளை உள்ளேதான் உறங்கினான். எச்சரிக்கை வேண்டும், அதன் பொருட்டு இரக்கத்தை விட்டுவிடலாகாது என்னும் பாடம் அந்த ஓரிரவிலே அடங்கியுள்ளது. இரவு உறங்குமுன் பிள்ளைகளுக்குச் சில நல்ல வார்த்தை கூறும் வழக்கமும் அவ்வில்லங்களில் அங்கிருந்தே பிறந்தது.

இனி, நேயர்கள் சிறப்பாகக் கருதவேண்டிய ஒரு செய்தி உண்டு. 1851ஆம் ஆண்டும் 1852ஆம் ஆண்டும் எழுதப்பட்ட தொழிற்பயிற்சி ஒப்பந்தங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஒன்று கண்ணாடி வேலைக்காரரோடு செய்தது. மற்றொன்று தச்சரோடு செய்தது. தொழிலின் நுணுக்கம் யாவற்றையும் முதலாளி முறையாகக் கற்பிக்க வேண்டும்; தொழிலுக்குப் புறம்பான வீட்டு வேலைகளைப் பையன் தலையிற் சுமத்தலாகாது; தவறினால் வார்த்தையாற் திருத்தலாமேயன்றி அடித்தலாகாது; ஞாயிறும் திருநாட்களும் ஓய்வு நாட்களாதல் வேண்டும் என்பன அவற்றிற் காணப்படும் நிபந்தனைகள். தச்சரோடு செய்த ஒப்பந்தத்தில், முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 30 சென்தெசிமி, அடுத்த ஆறு மாதம் 40, பின்னர் 60 எனக் கூலி ஏறிச்செல்லுகின்றது. பையனும் கீழ்ப்படிவோடும் ஊக்கத்தோடும் உழைப்பதாக வாக்குக் கொடுக்கிறான். முதலாளியின் கையொப்பத்தோடும் பையனின் கையொப்பத்தோடும் டொன் பொஸ்கோவின் கையொப்பமும் அங்கே உள்ளது.

முத்திரைத் தாளில் இடப்பட்ட அந்தக் கையொப்பத்தின் பொருளைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். பழகுநனை அடிமைபோல் நடத்திய காலம் அது. கேட்பார் அற்ற பிள்ளையின் நிலை இன்னும் கேடானது. அந்தப் பிள்ளைக்குக் கேட்பார் ஒருவர் உண்டு என்று சட்டம் ஏற்கும் வகையில் அறிவித்தது அந்தக் கையொப்பம். முதலாளியை நோக்கி, இவனுக்குத் தீங்கு செய்தால் வந்து கேட்பேன் என்றது. பிள்ளையை நோக்கி, உன் பொருட்டு நான் வாக்குக் கொடுத்துள்ளேன், அதனைக் காப்பாற்று என்றது. ஒருவனைப் பாதுகாப்பதும் அவனைப் பொறுப்புள்ளவனாக்குவதும் ஒரே கையொப்பத்தால் நிறைவேறின.

பட்டணத்துப் பட்டறைகளின் தீயொழுக்கம் பிள்ளைகளைக் கெடுத்தமையால், தொழிற்சாலைகளைத் தம் இல்லத்திலேயே நிறுவ அவர் முற்பட்டார். 1853இல் சப்பாத்து வேலையும் தையலும், 1854இல் புத்தகம் கட்டுதலும், 1856இல் தச்சு வேலையும், அதன்பின் அச்சு வேலையும் கொல்லு வேலையும் அங்கே தொடங்கின. இது இலகுவாய் நடந்துவிடவில்லை. சம்பளத்துக்கு அமர்த்திய ஆசான்மார் கற்பிப்பதில் அசட்டையாயிருந்தனர். அவர்களையே பட்டறைக்கு உரிமையாளர்போல் ஆக்கிப் பார்த்தபோது, பிள்ளைகளைத் தம் வேலையாட்களாக்கி இலாபந் தேடினர். தொழில் கற்பிக்கும் நிலையங்கள் எங்கும் எதிர்நோக்கும் அபாயம் இது. விற்பனைக்கான பொருள் முதன்மை பெறும். பழகும் பிள்ளை பின்னே தள்ளப்படுவான். பல வகையிலும் முயன்றபின், பட்டறை நிருவாகம் முழுவதையும் இல்லமே ஏற்றது. குருப்பட்டம் பெறாது துறவு வாழ்வு மேற்கொண்ட சகோதரர்கள் காலப்போக்கிற் பட்டறைப் பொறுப்பை ஏற்றனர்.

அவருடைய கல்விமுறையை 1877இல் ஒரு சிறு கட்டுரையாக அவர் எழுதினார். குற்றம் நிகழ்ந்த பின் தண்டிப்பதினும், நிகழாதவாறு உடனிருந்து காப்பதே மேல் என்பது அதன் சாரம். அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றுமே அதன் தூண்கள். உடனிருத்தல் என்றால் ஒற்றனைப்போற் கண்காணித்தலன்று. விளையாட்டு முற்றத்திலும் வேலைத் தலத்திலும் தந்தையைப்போற் கலந்திருத்தலாகும். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுகிறோம் என்பதை அவர்கள் உணருமாறும் செய்தல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சமயப் பற்றினாற் செய்யப்படும் உதவி, பெறுபவனிடம் சமயத்தையே விலையாகக் கேட்குமோ? வல்தோக்கோவிலே வந்து சேர்ந்தோர் பிறப்பாற் கத்தோலிக்கர். ஆதலால் அங்கே இவ்வினா பெரிதாக எழவில்லை. பல சமயத்தார் கலந்து வாழும் நாடுகளில் இதற்கு நேர்மையான விடை வேண்டும். கொடுப்பவனுக்குச் சமயம் ஊற்றாக இருக்கலாம். பெறுபவனுக்கு அது சுங்கமாகிவிடக் கூடாது. சம்பளமின்றி, சலிப்பின்றி, திருடிச் சென்றவனைப்போன்ற மற்றொருவனுக்கும் கதவைத் திறக்கும் பொறுமையைப் பலருக்குத் தருவது நம்பிக்கையே. அந்தப் பொறுமையே அதன் சான்று. அதற்குமேல் வேறு சான்று தேடி, பசித்த பிள்ளையின் வாயிலிருந்து மந்திரத்தை வரவழைக்க முயன்றால், உதவியும் கெடும், சமயமும் கெடும்.

1859இல் அவர் தொடங்கிய சலேசிய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தனர். 1956இல் நீர்கொழும்பில் இலங்கைப் பணியைத் தொடங்கினர். இந்தியாவிலுள்ள அவர்களுடைய தொழிற் பள்ளிகளிலே பிற சமயப் பிள்ளைகளும் பயில்கின்றனர். வேறொரு சபையைச் சேர்ந்த கிரெகரி பொயில் என்னும் இயேசுசபைக் குரு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, 1988இல், வன்முறைக் கூட்டங்களிற் சிக்கிய இளைஞருக்கு வேலை தேடிக்கொடுக்கும் பணியைத் தொடங்கினார். 1992இல் ஒரு பாண் பேக்கரியையும் அமைத்தார். ஒருவரையொருவர் சுடத் தேடிய எதிர்க் கூட்டத்தார், அங்கே ஒரே மேசையில் மாப் பிசைந்தனர். எச்சமயத்தவருக்கும் அங்கே இடமுண்டு. வேலையோடு ஆலோசனையும், படிப்பும், உடலிற் பழைய கூட்டத்தின் அடையாளமாய்க் குத்திய பச்சையை அகற்றும் வைத்தியமும் சேர்ந்தே கிடைக்கின்றன. காலமும் கண்டமும் வேறாயினும் அடிப்படை ஒன்றே: தொழிலைத் தனியே கொடாது, துணையோடு கொடுத்தல்.

தொழிற் பயிற்சிக்கு இயந்திரம் வாங்கலாம், கட்டிடம் கட்டலாம், சான்றிதழும் அச்சிடலாம். இவை யாவும் வேண்டுவனவே. ஆயின், சான்றிதழ் பெற்ற பிள்ளை முதன்முறையாக வேலைத் தலத்துக்குச் செல்லும்போது அவனைப் பற்றி, இவனை அறிவேன், இவனுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அதற்குப் பெருஞ் செல்வம் தேவையில்லை, துறவறமும் தேவையில்லை. ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரும், கடை நடத்தும் ஒருவரும், ஆலயத் தொண்டர் ஒருவரும் தத்தமக்கு ஒவ்வொரு பிள்ளையை ஏற்று, மாதம் ஒருமுறை அவன் வேலை செய்யும் இடத்துக்குச் சென்று விசாரித்தாற் போதும். பெற்றோர் இல்லாப் பிள்ளையின் ஒப்பந்தத்தில் மூன்றாவது கையொப்பத்துக்குரிய இடம் எந்த ஊரிலும் வெறுமையாகவே இருக்கின்றது. அதனை நிரப்ப முன்வருவோர் பெருகுவார்களாக.